எல்லையில் பதினோரு பெண்கள்

இத்தொடரில் சென்ற வாரம் கேப் டவுன் நீதிமன்றத்தில் நின்றோம். நீதிபதி சேர்ல் தீர்ப்பை வாசித்து முடித்திருந்தார். ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியரை அனுமதிக்கும் மதத்தின் முறைப்படி நடந்த கல்யாணத்தைத் தென்னாப்பிரிக்கச் சட்டம் ஏற்காது.

ஜோகன்னஸ்பர்க் தமிழ்க் குடும்பங்களுக்கு அதன் பொருள் உடனே புரிந்தது. அம்மி மிதித்து, அருந்ததி பார்த்துக் கட்டிய தாலி செல்லாது. மனைவி மனைவி இல்லை. பெற்ற பிள்ளை வாரிசு இல்லை.

பெண்கள் கொதித்தார்கள். அதுவரை காந்தியின் சத்தியாகிரகத்தில் கணவன்மாரைச் சிறைக்கு வழியனுப்பியவர்கள், இனி நாங்களே போகிறோம் என்றார்கள்.

மொத்தம் பதினோரு பேர். ஒருவரைத் தவிர எல்லோரும் தமிழர். சத்தியாகிரகி தம்பி நாயுடுவின் மனைவி வீரம்மாளும் அதில் ஒருவர். சிலர் இடுப்பில் கைக்குழந்தை.

ஆனால் போலீஸ் அவர்களைத் தொடவே இல்லை! கைதாவதற்காகவே உரிமம் இல்லாமல் தெருவில் கூவி விற்றார்கள். கண்டுகொள்ள ஆளில்லை. சேலை கட்டிய பெண்களைச் சிறையில் தள்ளினால் இந்தியா கொந்தளிக்கும் என்ற அச்சம்தான் காரணம் என்பது என் எண்ணம்.

இதற்கிடையே நேட்டாலில் காந்தி அமைத்த ஃபீனிக்ஸ் குடியிருப்பிலிருந்து புறப்பட்ட அவர் மனைவி கஸ்தூரிபாய் முந்திக்கொண்டார். எல்லையில் கைது. மூன்று மாதக் கடுங்காவல்.

இப்போது பதினோரு பேரும் தங்கள் டிரான்ஸ்வால் மாகாணத்திலிருந்து நேட்டால் மாகாண எல்லைக்கு வந்தார்கள். அனுமதி இல்லாமல் கடப்பது குற்றம். காந்தி சொல்லி அனுப்பியது இதுதான்: பிடித்தால் சிறை. பிடிக்காவிட்டால் நேரே நியூகாசில்.

எல்லை வந்தது.

யாரும் பிடிக்கவில்லை.

அரசு செய்த மாபெரும் தவறு அந்த ஒரு மணி நேரத்தில்தான் நடந்தது. அங்கேயே கைது செய்திருந்தால் கதை சிறை வாசலோடு முடிந்திருக்கும்.

நியூகாசில் நிலக்கரி ஊர். சுரங்கத்தில் இறங்குபவர்களில் பெரும்பாலோர் தமிழும் தெலுங்கும் பேசும் ஒப்பந்தக் கூலிகள். பெண்கள் நேரே அவர்களுடைய குடியிருப்புக்குள் போனார்கள். தாலியைப் பற்றி மட்டும் பேசவில்லை. ஒப்பந்தம் முடிந்த பிறகும் இங்கேயே தங்கினால் ஆண்டுக்கு 3 பவுன் தலைவரி. அதாவது 60 ஷில்லிங். மாதக் கூலியோ 14 ஷில்லிங்கைத் தாண்டுவது அரிது! தாலியை மதிக்காத நாட்டில், வரி கேட்கும் சட்டத்தில் மட்டும் அந்தத் தாலியைச் சுமந்தவளுக்கும் இடம் இருந்தது.

சொந்த மொழியில், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் வந்து சொன்னால் எந்தத் தொழிலாளிதான் கேட்காமல் இருப்பான்?

மண்வெட்டிகள் கீழே விழுந்தன.

அரசு அப்போதுதான் விழித்தது. பதினோரு பேரையும் கைது செய்தது. அவர்களுக்கும் மூன்று மாதம்.

காலம் கடந்துவிட்டது. வேலைநிறுத்தம் சுரங்கம் சுரங்கமாகப் பரவியது. முதலாளிகள் குடியிருப்புகளில் விளக்கையும் தண்ணீரையும் நிறுத்தினார்கள். மூட்டை முடிச்சுகளோடு, மனைவி மக்களோடு, தொழிலாளர்கள் காந்தி தங்கியிருந்த லாசரஸ் என்ற தமிழ்க் கிறிஸ்தவரின் வீட்டுக்கு வந்து குவிந்தார்கள்.

படுக்க இடமில்லை. இத்தனை வயிறுகளுக்குச் சோறு வேண்டும். இந்தக் கூட்டத்தை காந்தி எங்கே கூட்டிக்கொண்டு போவார்?

அடுத்த வாரம் நாமும் அவர்களோடு நடப்போம்.