வராத கார் தோற்ற கதை

1964-ம் ஆண்டு மார்ச் மாதம். அமெரிக்காவில் 'கார் அண்ட் டிரைவர்' என்ற பத்திரிகை வெளியாகிறது. அட்டையில் ஓர் ஓவியம். இரண்டு கார்கள் ஒன்றையொன்று முந்தத் துடித்துக்கொண்டு பாய்கின்றன. ஒன்று இத்தாலியின் ஃபெராரி ஜி.டி.ஓ. இன்னொன்று அமெரிக்காவின் போன்டியாக் ஜி.டி.ஓ.

சரி, கார் பத்திரிகை அட்டையில் போட்டோ போடாமல் எதற்கு ஓவியம்? இந்தக் கேள்வியை மனசில் ஓர் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

முதலில் இரண்டு பேரையும் அறிமுகப்படுத்திவிடுகிறேன். ஃபெராரி 250 ஜி.டி.ஓ. 1962-ல் பிறந்தது. 3,000 சி.சி-க்குக் கொஞ்சம் கீழே, 12 சிலிண்டர், ஏறத்தாழ 300 குதிரைசக்தி. மணிக்குச் சுமார் 280 கி.மீ. வேகம் போகும். பிறந்த வருடமே பிரான்ஸின் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஒட்டுமொத்தமாக இரண்டாவது இடம், தன் பிரிவில் முதலிடம். 'ஜி.டி.ஓ' என்பதில் வரும் 'ஓ' என்ன தெரியுமா? இத்தாலிய மொழியில் 'ஓமொலகாட்டோ'. அதாவது, பந்தயத்துக்கு அங்கீகரிக்கப்பட்டது!

அந்த அங்கீகாரம் வாங்க, குறைந்தது 100 கார்களாவது தயாரித்திருக்க வேண்டும் என்பது விதி. என்ஸோ ஃபெராரி தயாரித்தது நாற்பதைக்கூடத் தொடவில்லை. "இது புது காரே இல்லை சார், எங்கள் பழைய 250 ஜி.டி-க்கே வேறு பாடி கட்டியிருக்கிறோம்" என்கிற ரீதியில் வாதாடி, முத்திரை வாங்கிவிட்டார். ஆக, பெயரிலேயே ஒரு 'அட்ஜஸ்ட்மென்ட்'!

இப்போது கடல் தாண்டி டெட்ராய்ட் பக்கம் வாருங்கள். போன்டியாக், ஜெனரல் மோட்டார்ஸ் குடும்பத்துப் பிள்ளை. 1963 ஜனவரியில் மேலிடம் ஒரு குண்டைப் போட்டது... இனிமேல் நம் கம்பெனி கார்களுக்குப் பந்தயமே கிடையாது! பந்தய வெற்றிகளைச் சொல்லியே இளைஞர்களுக்குக் கார் விற்றுக்கொண்டிருந்த போன்டியாக்குக்கு வயிற்றில் அடி. அங்கே தலைமை இன்ஜினீயராக இருந்தவர் ஜான் டிலோரியன். கில்லாடி. நடுத்தர சைஸ் டெம்பஸ்ட் காருக்குள், பெரிய காருக்கான 389 கன அங்குல இன்ஜினைத் தூக்கி வைத்தார். நம் கணக்கில் சுமார் 6,400 சி.சி! அந்த சைஸ் காருக்கு 330 கன அங்குலத்துக்கு மேல் கூடாது என்று கம்பெனியில் விதி இருந்தது. புது மாடல் என்றால் மேலிடத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். 'ஆப்ஷன்' என்றால் வேண்டாம். எனவே, ஜி.டி.ஓ. என்பது காரே அல்ல, சுமார் 295 டாலர் கூடுதலாகக் கொடுத்தால் கிடைக்கும் ஒரு 'ஆப்ஷன்' என்று எழுதிவிட்டார்கள். பெயரை ஃபெராரியிடமிருந்து கூச்சமே இல்லாமல் சுட்டார் டிலோரியன்.

ஃபெராரி ரசிகர்கள் கொதித்தார்கள். அந்தக் கொதிப்பில்தான் ஜிம் வாங்கர்ஸ் குளிர்காய்ந்தார். போன்டியாக்குக்கு விளம்பரம் செய்த ஏஜென்சி ஆசாமி. வெறும் பேச்சு வியாபாரி இல்லை. 1960-ல் போன்டியாக் காரை ஓட்டி, தேசிய அளவிலான 'டிராக்' பந்தயத்தில் ஜெயித்தவர். டிராக் பந்தயம் என்றால் வளைவு கிடையாது, திருப்பம் கிடையாது. நேர்க்கோட்டில் கால் மைல். யாருக்கு 'பிக்-அப்' அதிகமோ அவரே ராஜா. டெட்ராய்டின் உட்வர்ட் அவென்யூவில் அந்தக் காலத்துப் பையன்கள் ஒரு சிக்னலிலிருந்து அடுத்த சிக்னல்வரை செய்துகொண்டிருந்ததும் இதைத்தான். அவர்களுக்கு லே மானும் தெரியாது, கொண்டை ஊசி வளைவில் கார் எப்படித் திரும்பும் என்ற கவலையும் கிடையாது. பச்சை விளக்கு விழுந்ததும் பக்கத்து கார்க்காரன் பின்னால் போக வேண்டும். அவ்வளவுதான்!

இந்த இரண்டு ஜி.டி.ஓ-க்களையும் மோதவிட்டால்? பத்திரிகை தயார். வாங்கர்ஸ் இரண்டு போன்டியாக்குகளை ஃப்ளோரிடாவின் டேடோனாவுக்கு அனுப்பினார். ராயல் போன்டியாக் என்ற டீலர் கடையில் 'ட்யூன்' செய்யப்பட்ட வண்டிகள்.

ஃபெராரி? வரவே இல்லை! கடைசிவரை ஒரு ஃபெராரி ஜி.டி.ஓ-வும் கிடைக்கவில்லை. அட்டையில் ஏன் ஓவியம் என்று இப்போது புரிகிறதா?

அதற்காகப் பத்திரிகை பின்வாங்கவில்லை. ஃபெராரி கிடைக்கவில்லை என்பதைக் கட்டுரைக்குள் சொல்லிவிட்டு, போன்டியாக்கை மட்டும் விரட்டிப் பார்த்து எழுதினார்கள். மணிக்கு 60 மைல், அதாவது 96 கி.மீ. வேகத்தைத் தொட 4.6 விநாடி. கால் மைலைக் கடக்க 13.1 விநாடி. கோட்டைத் தாண்டும்போது வேகம் 115 மைல். இதன்படி நேர்க்கோட்டில் ஃபெராரி காலி என்று தீர்ப்பு!

எனக்கு எப்போதும் மலைப்பாக இருப்பது அந்த 4.6 விநாடிதான். 1964-ன் ஒல்லி டயர்களில், ஏறக்குறைய ஒன்றரை டன் எடையுள்ள குடும்பக் காரில்! மற்ற சோதனைகளில் ஷோரூம் ஜி.டி.ஓ-க்கு 6 விநாடிக்கு மேல் ஆனது. அப்புறம் எப்படி?

34 வருடம் கழித்து, 1998-ல் வெளியான தன் புத்தகத்தில் வாங்கர்ஸே போட்டு உடைத்தார். சாதனை படைத்த வண்டியில் இருந்தது 389 இன்ஜினே அல்ல. 421 கன அங்குல இன்ஜின். கிட்டத்தட்ட 6,900 சி.சி! போன்டியாக்கின் இந்த இரண்டு இன்ஜின்களும் வெளித்தோற்றத்தில் அச்சு அசல் ஒன்றுபோலவே இருக்கும். பானெட்டைத் திறந்து பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. காமர்ஸ் படித்தவர்கள் இதை 'விண்டோ டிரஸ்ஸிங்' என்போம். கணக்குப் புத்தகத்தில் செய்வதை இவர் கால் மைலில் செய்திருக்கிறார்!

இன்ஜின் விஷயத்தைக்கூட ஒரு வகையில் விட்டுவிடலாம், இரண்டுமே போன்டியாக் இன்ஜின்தானே. என்னால் ஜீரணிக்க முடியாதது அந்த ஒப்பீடுதான். ஃபெராரி நாள் முழுக்க வளைவுகளில் பறப்பதற்காகச் செய்யப்பட்டது. அதைப் பதின்மூன்று விநாடி நேர்க்கோட்டில், அதுவும் அது இல்லாத நேரத்தில், தோற்கடிப்பது என்ன நியாயம்?

மார்க்கெட் நியாயம் பார்க்கவில்லை. 5,000 வண்டி விற்றால் போதும் என்று நினைத்த போன்டியாக், முதல் வருடமே 32,450 ஜி.டி.ஓ. விற்றது. அடுத்த வருடம் 75,352. அதற்கும் அடுத்த வருடம் 96,946! மற்ற கம்பெனிகளும் சின்ன காரில் பெரிய இன்ஜினைத் திணிக்க ஓடின. 'மஸ்ஸில் கார்' என்ற புது ஜாதி உருவானது.

போன்டியாக்கை 2010-ல் இழுத்து மூடினார்கள். வாங்கர்ஸ் 2023-ல் இறந்தார். அதே வருடம் நவம்பரில் நியூயார்க்கில், 1962-ல் செய்யப்பட்ட ஒரு ஃபெராரி ஜி.டி.ஓ. ஏலத்துக்கு வந்தது. இந்த முறை நிஜமாகவே வந்தது. 5 கோடியே 17 லட்சம் டாலருக்குப் போனது.