துனீசியாவும் பஹ்ரைனும்: 2011 அரபு எழுச்சியின் இரு முடிவுகள்

2010 டிசம்பர் முதல் அரபு நாடுகளில் அடுத்தடுத்து மூண்ட மக்கள் போராட்டங்கள் ‘அரபு வசந்தம்’ எனப்படுகின்றன. வேலையின்மை, ஊழல், கருத்துரிமை மறுப்பு, அசையாத ஆட்சி ஆகியவை பல நாடுகளுக்கும் பொதுவான காரணங்கள். முடிவுகளோ வேறுபட்டன. துனீசியாவில் 28 நாட்களில் ஆட்சியாளர் நாட்டைவிட்டு வெளியேறினார். பஹ்ரைனில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் எழுச்சி ஒடுக்கப்பட்டது. ஏன் இந்த வேறுபாடு?

துனீசியா

1956இல் பிரான்சிடமிருந்து விடுதலை பெற்ற இந்நாட்டை 1987 முதல் பென் அலி ஆண்டார். கடற்கரை நகரங்கள் வளர்ந்தன. உள்பகுதி மாவட்டங்கள் பின்தங்கின. 2008இல் கஃப்சா பாஸ்பேட் சுரங்கப் பகுதியில் நடந்த போராட்டம் அடக்கப்பட்டது. 2010 டிசம்பர் 17 அன்று சிதி பூசித் நகரில் முகம்மது பூஅசீசி என்னும் தள்ளுவண்டி வியாபாரி, அதிகாரிகள் தம் பொருள்களைப் பறித்ததை அடுத்துத் தீக்குளித்தார்.

போராட்டத்தை நாடெங்கும் பரப்பியதில் 1946இல் தொடங்கப்பட்ட தொழிற்சங்கக் கூட்டமைப்பின் கிளைகளுக்குப் பெரும்பங்கு உண்டு. இராணுவம் பென் அலியைக் காக்க முன்வரவில்லை. பிரான்சு வெளியுறவு அமைச்சர் மிஷேல் அலியோ-மரி காவல்துறை உதவி தர முன்வந்தார். ஆனால் எந்த அயல்நாட்டுப் படையும் வரவில்லை. 2011 ஜனவரி 14 அன்று பென் அலி சவூதி அரேபியாவுக்குத் தப்பினார்.

பஹ்ரைன்

இங்கு மக்களில் பெரும்பான்மையினர் ஷியாக்கள். ஆளும் அல் கலீஃபா குடும்பத்தினர் சுன்னிகள். மன்னரின் சிற்றப்பா 1971 முதல் பிரதமராக இருந்தார். 2002 அரசியலமைப்பு, தேர்ந்தெடுக்கப்பட்ட அவைக்கு நிகரான அதிகாரத்தை நியமன அவைக்கும் வழங்கியது. 2011 பிப்ரவரி 14 அன்று போராட்டம் தொடங்கியது. மனாமாவின் முத்துச் சதுக்கம் அதன் மையமானது.

பாதுகாப்புப் படைகளில் வெளிநாட்டிலிருந்து சேர்க்கப்பட்டோர் பலர் இருந்தனர். ஆகவே, துனீசியாவைப் போல் படை ஒதுங்கி நிற்க வாய்ப்பு குறைவு. மார்ச் 14 அன்று சவூதி, ஐக்கிய அரபு அமீரகப் படைகள் கடல் பாலம் வழியே நுழைந்தன. ஈரானின் செல்வாக்கு பெருகும் என்பது சவூதியின் அச்சம். ஆயினும் போராட்டத்துக்கும் ஈரானுக்கும் தெளிவான தொடர்பை நிறுவ முடியவில்லை என அவ்வாண்டு நவம்பரில் பசியூனி விசாரணைக் குழு கூறியது. கைதிகள் சித்திரவதை செய்யப்பட்டதையும் பதிவு செய்தது. அமெரிக்காவின் ஐந்தாம் கடற்படைத் தலைமையகம் மனாமாவிலேயே உள்ளது. அமெரிக்கா கண்டித்துப் பேசியது, உறவை முறிக்கவில்லை. மார்ச் 18 அன்று சதுக்கத்தின் நினைவுச்சின்னமும் இடிக்கப்பட்டது.

மதிப்பீடு

எழுச்சியை மூட்டியவை உள்நாட்டுக் காரணங்களே. அதன் போக்கைத் தீர்மானித்ததில் படையின் நிலைப்பாடும் அயல்நாடுகளின் நலனும் முக்கியமானவை. எனினும் வல்லரசின் நட்பு மட்டும் அரணாகிவிடாது: அமெரிக்காவின் நீண்டகால நண்பரான எகிப்தின் முபாரக், இராணுவம் கைவிட்டதும் பிப்ரவரி 11 அன்று பதவி இழந்தார்.

ஆட்சியாளரின் வீழ்ச்சியோடு கதை முடிவதுமில்லை. துனீசியா 2014இல் புதிய அரசியலமைப்பைப் பெற்றது. 2021 ஜூலை 25 அன்று அதிபர் கைஸ் சயீத் நாடாளுமன்றத்தை முடக்கினார். வேலையின்மை தீராத நிலையில், அன்று அதை வரவேற்றுத் தெருவில் இறங்கியவர்களும் இருந்தனர்.