ஆர்ட்டீமியா

ஆர்ட்டீமியா: உப்பு ஏரிகளிலும் உப்பளங்களிலும் வாழும் சிறிய கணுக்காலி உயிரி, மீன், இறால் பொரிப்பகங்களின் முதன்மையான உயிருணவு. கிரஸ்டேஷியா பிரிவில் அனாஸ்ட்ராக்கா வரிசையைச் சேர்ந்தது. முதிர்ந்த உயிரி ஏறத்தாழ 1 செ.மீ. நீளமுடையது, மேலோடு இல்லை. 11 இணைக் கால்களால் மல்லாந்து நீந்தியபடியே நுண்பாசி, பாக்டீரியா முதலியவற்றை வடிகட்டி உண்ணும். மீன்களிடமிருந்து தப்பும் திறன் இல்லாததால் திறந்த கடலில் நிலைப்பதில்லை. எதிரிகள் வாழ முடியாத மிகையுப்பு நீரே இதன் புகலிடம்.

சூழல் சாதகமாக இருக்கையில் பெண் உயிரி நேரடியாக இளவுயிரிகளை ஈனும். உப்புச்செறிவு மிகும்போது தடித்த உறையுடைய உறக்கமுட்டைகளை இடும். பழுப்புத் தூள்போல் கரையொதுங்கும் இம்முட்டைகளை உலர்த்தி, டப்பாக்களில் அடைத்து ஆண்டுக்கணக்கில் சேமிக்கலாம். ஆர்ட்டீமியாவின் வணிக மதிப்பு பெரிதும் இவ்வாறு சேமிக்க முடிவதில்தான் உள்ளது.

சுமார் 28 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள கடல்நீரில், வெளிச்சமும் காற்றோட்டமும் தந்தால், முட்டைகள் ஏறத்தாழ ஒரு நாளில் பொரியும். காற்றை நிறுத்தியதும் வெற்றுறைகள் மேலே மிதக்கும். நாப்ளியஸ்கள் எனப்படும் செம்மஞ்சள் நிற இளவுயிரிகள் வெளிச்சத்தை நோக்கித் திரளும். பொரிந்தவுடன் அவற்றை மீன், இறால் குஞ்சுகளுக்கு ஊட்டுவதே சிறந்தது. நேரமாக ஆகக் கருவுணவு குறையும். தாமதமாக ஊட்ட நேர்ந்தால், நாப்ளியஸின் அடுத்த வளர்பருவத்தில் கொழுப்பமிலக் குழம்பு அளித்துச் செறிவூட்டுவர்.

1755இல் ஷ்லோசர் என்பவர் ஆர்ட்டீமியாவை இங்கிலாந்தின் லிமிங்டன் உப்பளங்களிலிருந்து விவரித்தார். 1930களில் சீல், ரோலெஃப்சன் என்னும் ஆய்வாளர்கள் இதை மீன்குஞ்சு உணவாகப் பயன்படுத்தினர். முட்டை வணிகத்தில் அமெரிக்காவின் கிரேட் சால்ட் ஏரி முதன்மையானது. தூத்துக்குடி உப்பளங்களில் ஆணின்றியே இனம்பெருக்கும் வகை பதிவாகியுள்ளது.