கலகச் சட்டம் வாசித்தல்

‘கலகச் சட்டத்தை வாசித்தல்’ என ஆங்கிலத்தில் ஒரு மரபுத்தொடர் உண்டு. தந்தை பிள்ளையை அதட்டினாலும், அதிகாரி ஊழியரைக் கண்டித்தாலும் அதனையே கூறுவர். ‘கடுமையாக ஏசி எச்சரித்தல்’ என்று பொருளெழுதி மாணவருக்கு நாம் கற்பிக்கின்றோம். பொருள் சரியே. ஆயின், அத்தொடரிற் படிந்துள்ள குருதிக்கறையை அது காட்டுவதில்லை.

1714இல் முதலாம் ஜோர்ஜ் பிரித்தானிய அரியணை ஏறினான். ஜேர்மனியிலிருந்து வந்த அம்மன்னனை ஏற்க மறுத்தோர் பலர். ஆங்காங்கே குழப்பங்கள் மூண்டன. அவற்றை அடக்குதற்கெனப் பாராளுமன்றம் இயற்றிய கலகச் சட்டம் 1715 ஓகஸ்ட் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. பன்னிருவரோ அதற்கு மேற்பட்டோரோ கூடிக் குழப்பம் விளைவித்தால், கலைந்து செல்லுமாறு மன்னன் பெயரால் ஓர் அறிவித்தலை நீதவான் உரத்து வாசிப்பார். ஒரு மணி நேரத்தின் பின்னும் கலையாது நின்றோர்க்கு மரணதண்டனை. கலைக்கும்போது எவரேனும் இறந்தால், கொன்றவர்மீது குற்றமில்லை என்றும் அச்சட்டம் விதித்தது. மரணதண்டனை நாடுகடத்தலாக மாறியது 1837இலேதான்.

மன்னனின் பகைவரை நோக்கி எழுந்த சட்டம் காலப்போக்கில் உழைப்பவரை நோக்கித் திரும்பியது. 1819 ஓகஸ்ட் 16ஆந் திகதி மான்செஸ்ரர் நகரின் சென் பீற்றர் வெளியில் ஏறத்தாழ 60,000 மக்கள் திரண்டனர். நெசவாளர்கள் மனைவி மக்களோடு வந்திருந்தனர். கூலி வீழ்ந்திருந்தது, 1815இன் தானியச் சட்டம் உணவு விலையை உயர்த்தியிருந்தது. அத்துணைப் பெரிய நகருக்குப் பாராளுமன்றத்திலே தனக்கென ஓர் உறுப்பினர்தானும் இல்லை. வாக்குரிமை கேட்கவே அவர்கள் கூடினர். ஹென்றி ஹண்ட் பேசத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே குதிரைப்படை வாளேந்திப் புகுந்தது. கலகச் சட்டம் வாசிக்கப்பட்டதென நீதவான்கள் பின்னர் சாதித்தனர். அதனைக் காதாற் கேட்டவரோ மிகச் சிலர். மாண்டவர் ஏறக்குறைய 18 பேர். அவருட் பெண்களும் இரண்டு வயதுக் குழந்தையொன்றும் அடங்குவர். காயமுற்றோர் பல நூற்றுவர். நான்காண்டுகளுக்கு முன் பெற்ற வோட்டர்லூ வெற்றியை எள்ளி, அக்கொடுமைக்குப் ‘பீற்றர்லூ’ என்ற பெயர் வழங்கலாயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரித்தானியா அச்சட்டத்தை நீக்கிவிட்டது. தொடர் மட்டும் எஞ்சிற்று. வாளை இழந்து வெறும் அதட்டலாகச் சுருங்கிற்று. அத்தொடரிலே வாசித்தவன் இருக்கின்றான். வாசித்தது காதில் விழாமலே வெட்டுண்டவர்கள் இல்லை. மொழியில் நிலைத்துவிடுவது பெரும்பாலும் ஆண்டவரின் குரலே.

ஆகவே, இத்தொடருக்குப் பொருளெழுதும் நாம் சென் பீற்றர் வெளியில் நின்றவர்களையும் மாணவருக்குச் சொல்லுதல் வேண்டும். அதுவும் பொருளின் ஒரு பகுதியே.