பால்வெட்டுக் கத்தி

கத்தி என்ற சொல்லைக் கேட்டவுடன் போரும் பகையும் நினைவுக்கு வருவது இயல்பாகிவிட்டது. மன்னர்களின் வாளைப் போற்றிய வரலாற்று நூல்கள் உழைப்பாளியின் கத்தியை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. ஆயினும் மக்கள் கையில் நாள்தோறும் புழங்கியது இரண்டாவதே அன்றோ?

வட ஐரோப்பிய மக்கள் இவ்வகையில் நமக்கு முந்திக்கொண்டனர். பின்லாந்து நாட்டுக் குடியானவன் இடைவாரில் தோலுறையோடு தொங்கவிட்ட சிறு கத்திக்குப் 'பூக்கோ' என்று பெயர். அவர்கள் மொழியில் 'பூ' என்றால் மரம்; கத்தியின் பெயர் அச்சொல்லோடு தொடர்புடையது என்பர். மரம் செதுக்கவும் மீன் அரியவும் உணவு உண்ணவும் அந்த ஒரு கத்தியே போதும். கௌஹாவா என்னும் ஊரில் செய்த கத்திகள் பிடியின் நுனியில் குதிரைத்தலை தாங்கிப் புகழ்பெற்றன. சுவீடனில் மூரா வட்டாரத்துக் கத்திகளும் அத்தகையனவே. இவற்றைத் தேடித் திரட்டி, ஊர், கொல்லன், காலம் என வகைபிரித்துப் போற்றுவோர் இன்று உலகெங்கும் உளர்.

அவ்வாறு போற்றத்தக்க கத்தியொன்று நமக்கும் உண்டு. நீலாய், லாபு வட்டாரத் தோட்டங்களில் மூன்று தலைமுறைக்கு மேலாக நம்மவர் கையில் விளங்கிய பால்வெட்டுக் கத்தியே அது. உளி என்றும் அதனை வழங்குவர்.

இக்கத்தியின் கதை சிங்கப்பூர்ப் பூங்காவில் தொடங்குகின்றது. 1876-இல் பிரேசிலிலிருந்து இலண்டனுக்குச் சென்ற ரப்பர் விதைகளின் நாற்றுகளில் 22 மட்டும் 1877-இல் சிங்கப்பூர் வந்தடைந்தன. பிரேசில் காடுகளில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்திப் பால் எடுப்பதே வழக்கம். மரம் புண்பட்டுக் கெட்டது. பாலும் தொடர்ந்து கிடைக்கவில்லை. 1888-இல் பூங்காவின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி வேறு வழி கண்டார். பட்டையில் சாய்வாக ஒரு கோடு கீறி, மறுமுறை அக்கோட்டின் கீழ்விளிம்பை மட்டும் மெல்லச் சீவினால் பால் மீண்டும் ஊறிவரும் என்பதே அவர் கண்ட முறை. தோட்டக்காரர்களைப் பயிரிட வைக்க அவர் விதைகளைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு அலைந்ததால் 'பைத்தியக்கார ரிட்லி' என்ற பட்டமும் கிடைத்தது. கோடரி போய்க் கத்தி வந்தது இவ்வாறே.

நம் முன்னோர்க்கு இதில் புதுமை தோன்றியிருக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. பனையேறியும் பாளையின் நுனியை அரிவாளால் மெல்லிய சீவலாக நாள்தோறும் சீவியே பதநீர் இறக்குகின்றான். புண்ணைப் புதுப்பித்துப் பயன் பெறும் நுட்பம் இரண்டிலும் ஒன்றே.

இந்நாட்டில் பெருவழக்கான கத்திக்கு 'ஜெபோங்' என்று பெயர். தாய்லாந்திலும் அப்பெயரே வழங்குகின்றது. கேரளத்திலும் இலங்கையிலும் மிச்சி-கோலெட்ஜ் என்ற வகை பரவியது. ஜெபோங்கின் அலகு நுனியில் மடிந்து குறுகிய வாய்க்கால் போல் அமைந்திருக்கும். அந்த மடிப்பே அதன் உயிர். அது சீவுவதோடு பால் வழிந்தோடச் சிறு தடத்தையும் அமைத்துவிடும்.

பால்குழாய்கள் மிகுதியாக இருப்பது பட்டையின் உட்புறத்தில். அதற்கும் உள்ளே, மரத்தை ஒட்டிப் பட்டையை வளர்க்கும் மெல்லிய படலம் ஒன்று உண்டு. கத்தி மேலோட்டமாகச் சென்றால் பால் குறையும். படலத்தைத் தொட்டால் மரம் காயப்பட்டுப் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். ஆகவே ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் பட்டையை உள்ளே விட்டுவிட்டு வெட்ட வேண்டும். சீவும் கனமும் 1 முதல் 1.5 மில்லிமீட்டரே. வெட்டு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் அமைய வேண்டும். இத்தனையும் பொழுது புலருமுன், தலைவிளக்கின் ஒளியில், கொசுக்கடிக்கு நடுவே, ஒரு நிரையில் 400 முதல் 600 மரங்கள் வரை நடைபெறும். வெட்டியவருள் பெண்கள் பெருந்தொகையினர். ஆயினும் தோட்டத் தொழிலாளியைத் 'திறனற்ற கூலி' என்றே அக்கால ஏடுகள் குறித்தன. மில்லிமீட்டர்க் கணக்கைக் கண்ணாலன்றிக் கையாலேயே அறிந்தவளுக்கு இட்ட பெயர் அது! காயத்தைக் கண்டு கண்டிக்கக் கங்காணி உண்டு. காயமின்றி வெட்டிய கைக்கு ஏட்டில் ஒரு வரியும் இல்லை.

ரப்பர் விலை தாழத் தாழச் செம்பனை வந்தது. செம்பனைக்கு வேண்டியது வேறு கருவி. பின்னர் நிலமே கைமாறியது. 1990-களில் நீலாயில் தோட்ட நிலத்தில் புதுநகர் எழுந்தது. 1998-இல் அண்டையிலுள்ள சிப்பாங்கில் பன்னாட்டு விமான நிலையம் திறக்கப்பட்டது. லயன்களைக் காலி செய்த குடும்பங்கள் அம்மியைச் சுமந்து சென்றன; சாமி படங்களைச் சுமந்து சென்றன. துருவேறிய கத்தியை யார் சுமப்பர்? கூரையிடுக்கில் செருகியது செருகியபடியே கூரையோடு போயிற்று.

எஞ்சியவற்றையேனும் திரட்ட வேண்டும். கத்தியைத் துலக்கிப் பளபளக்க வைப்பது தவறு. தேய்ந்த அலகும் உள்ளங்கை பட்டு மழமழத்த பிடியுமே அதன் சான்றுகள். எந்தத் தோட்டம், எத்தனை ஆண்டு, யார் கையில் இருந்தது என்பதைக் கேட்டு எழுதி உடன் வைத்தல் வேண்டும். தீட்டுக்கல்லையும் விட்டுவிடலாகாது. ஜெபோங்கின் வளைந்த மடிப்பைத் தீட்டுவதற்கு விளிம்பு ஒடுங்கிய கல் வேண்டும். நாள் தவறாது தீட்டியதால் அக்கல்லில் விழுந்த பள்ளம் அலகின் வளைவுக்கு இன்றும் பொருந்தும்.