முதுகில் விறைப்பூசி: வலியற்ற நேரத்தை நீட்டும் ஸ்டெரொயிட்

மன்னாரில் போர்க் காயத்தோடு வாழ்பவர்களில், சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டவர்கள் என்னிடம் அதிகம் பேசுவது விறைப்பு விட்டபின் வரும் வலியைப் பற்றித்தான்.

முதுகில் ஏற்றும் விறைப்பூசியை 1898இல் ஜேர்மனியில் ஓகஸ்ட் பியர் தொடக்கிவைத்தார். இன்று பெரும்பாலும் பயன்படும் பியூபிவக்கெயின் இரண்டு, மூன்று மணித்தியாலத்தில் விட்டுவிடும். 2011இல் வெளியான ஈரானிய ஆய்வொன்றில், எலும்புச் சத்திரசிகிச்சைக்கு வந்த சிலருக்கு அதனுடன் 8 மில்லிகிராம் டெக்சாமெதசோன் என்ற ஸ்டெரொயிட்டும் சேர்த்து ஏற்றப்பட்டது. மற்றவர்களுக்கு வலியற்ற நேரம் சுமார் 200 நிமிடம். இவர்களுக்குச் சுமார் 400.

ஆனால் ஸ்டெரொயிட்டை முள்ளந்தண்டு நீருக்குள் செலுத்துவது வழமையல்ல. முள்ளந்தண்டு உறைக்கு வெளியே ஏற்றினாலும் அரிதாகப் பக்கவாதம், பார்வையிழப்பு நேரலாம் என 2014இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரித்தது. நாளத்தின் வழியாக ஏற்றுவதே வழமை. அது வலியையும் வாந்தியையும் குறைக்கும். இரத்தத்தில் சீனியைக் கூட்டும்.

முதுகில் எறிகணைத் துண்டு இருந்தால், நீரிழிவு இருந்தால், இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை எடுத்தால், மயக்கமருந்து வைத்தியரிடம் முன்னரே சொல்லுங்கள். பழைய எக்ஸ்ரேயையும் கிளினிக் கொப்பியையும் கொண்டுபோங்கள். துண்டு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான், முதுகில் ஊசியா முழு மயக்கமா என்பதை அவரால் சரியாக முடிவெடுக்க முடியும்.