நினைவில் கீறிய வளவுகள்

யாழ்ப்பாணத்தில் படம் வரைவதைக் 'கீறுதல்' என்றே சொல்வோம். கோடு இழுத்தலுக்கும் காயம் உண்டாக்குதலுக்கும் அந்த ஒரே சொல்தான். இடம்பெயர்ந்தவர்களின் ஓவியங்களைக் காணும்போதெல்லாம் இவ்விரு பொருளையும் பிரித்தறிய முடியாதவனாகிறேன்.

1995 ஒக்டோபரில் 'ரிவிரெச' இராணுவ நடவடிக்கை பலாலியிலிருந்து தெற்கு நோக்கி நகர்ந்தபோது அதன் பாதையில் அகப்பட்ட ஊர்களுள் எங்கள் புத்தூரும் ஒன்று. அம்மாதம் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் செம்மணி, நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தார்கள். அவர்கள் அனைவரையும் உலகம் 'அகதிகள்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடக்கியது. பத்திரிகையாளனாகிய நானும் அச்சொல்லை எண்ணிக்கைகளோடு சேர்த்துப் பலமுறை எழுதியிருக்கிறேன். ஆனால் நடந்த ஒவ்வொருவரும் ஒரு கிணற்றடியையும் ஒரு படலையையும் மனத்தில் சுமந்து சென்றார் என்பதை அப்போது எழுதத் தவறினேன்.

அதை எழுதியவர் ஓர் ஓவியர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நுண்கலைத் துறையில் பணியாற்றும் தா. சனாதனனின் 'முடிவுறாத தோம்பு' 2011இல் வெளியானது. தோம்பு என்பது போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இங்கு பேணிய காணிப் பதிவேடு. யாருடைய நிலம், எவ்வளவு, என்ன கடமை என்பதை ஆள்வோருக்குச் சொல்லும் ஏடு அது. வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்கள் எண்பது பேரிடம், அவர்கள் இழந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து கீறித் தருமாறு சனாதனன் கேட்டார். அந்தக் கோணல் கோடுகளின் அருகே கட்டடக் கலைஞரின் நேர்த்தியான வரைபடமும் ஓவியரின் சொந்தச் சித்திரமும் இடம்பெற்றன. அரசு அலுவலகத்தின் மொழியை வாங்கி, எந்த அலுவலகமும் பதியாததை அதில் பதிந்தார் அவர்.

இம்முயற்சிக்கு உலகில் உறவினர்கள் உண்டு. பலஸ்தீனப் பெற்றோருக்கு 1952இல் பெய்ரூட்டில் பிறந்த மோனா ஹட்டூம், 1975இல் இலண்டன் சென்றிருந்த வேளையில் லெபனானில் உள்நாட்டுப் போர் மூண்டதால் அங்கேயே தங்க நேர்ந்தது. 1988இல் அவர் ஆக்கிய ஒளிப்படைப்பில் தாயின் அரபுக் கடிதங்கள் தாயின் உருவத்தின்மேல் திரையாகப் படிகின்றன. மேற்கு நாட்டார் எதிர்பார்த்த வாயற்ற அரபுப் பெண்ணுக்குப் பதிலாக, மகளோடு மனந்திறந்து பேசும் தாயை அதில் காண்கிறோம். ஈரானில் பிறந்து அமெரிக்காவில் வாழும் ஷிரின் நெஷாத் 1990களில் முக்காடிட்ட பெண்களின் ஒளிப்படங்கள்மேல் பாரசீகக் கவிதைகளை எழுதினார். அவை முன்முடிவை உடைக்கின்றனவா, உறுதி செய்கின்றனவா என்ற விவாதம் பின்னர் எழுந்தது. எமிலி ஜாசிர் 2001 முதல் 2003 வரை, தாயகம் திரும்ப இயலாத பலஸ்தீனர்களிடம் அவர்களுக்காக அங்கே என்ன செய்யவேண்டும் என்று கேட்டு, தமது அமெரிக்கக் கடவுச்சீட்டின் துணையோடு நிறைவேற்ற முயன்றார். தாயின் கல்லறையில் மலர் வைத்து வா என்பதும் அவ்வேண்டுகோள்களுள் ஒன்று.

நம்மவருக்கும் இத்தகைய முன்முடிவுகள் காத்திருந்தன. 2010இல் வன்கூவரில் பிரிட்டிஷ் கொலம்பியப் பல்கலைக்கழக மானிடவியல் அருங்காட்சியகத்தில், கனடாவில் வாழும் தமிழர்கள் அளித்த சிறு பொருள்களைக் கொண்டு சனாதனன் 'வீடு' என்னும் கருத்தைக் காட்சிப்படுத்தினார். அக்கண்காட்சி நிகழ்ந்த அதே ஆண்டு ஓகஸ்டில், 492 தமிழர்களை ஏற்றிய 'சன் சீ' கப்பல் அதே மாகாணக் கரையை அடைந்தது. கடத்தல்காரர், பயங்கரவாதிகள் என்னும் சொற்கள் அவர்களுக்கு முன்னரே கரை சேர்ந்திருந்தன. அருங்காட்சியக மண்டபத்தில் ஒரு கைப்பிடிப் பொருளைப் பார்த்து மனிதரை அறிவதற்கும், கப்பலைப் பார்த்து மனிதரைத் தீர்மானிப்பதற்கும் உள்ள தூரம் ஒரு நகரத்துக்குள்ளேயே இருக்கக்கூடும்.

ஆனால் முன்முடிவுகள் வெள்ளையரிடம் மட்டுமே இருப்பதாகச் சொல்லிவிட்டு எழுந்து போவது நேர்மையாகாது. 'யாழ்ப்பாணத்து வீடு' என்றதும் நமக்குத் தோன்றுவது நாற்சார் வீடும் சங்கடப் படலையும் பனங்காணியுமே. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகளால் யாழ்ப்பாணத்திலிருந்து சில மணிநேரத்தில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களும் வீட்டு வரைபடங்களைச் சுமந்தே சென்றார்கள். நமது பெருநடைக்குச் சரியாக ஐந்து ஆண்டுகளுக்கு முந்திய அதே திகதி அது. நம் துயரத்தின் நாளை நினைவுகூரும் எத்தனை பேர் அந்த நாளையும் நினைக்கிறோம்?

ஊருக்குள்ளும் பார்க்கவேண்டும். பழைய தோம்பு காணி உடையோரின் ஏடு. தலைமுறைகளாகப் பிறர் காணியில் குடியிருந்தோருக்கு அதில் உரிமையாளர் என்ற இடம் இல்லை. 2017இல் புத்தூர் மேற்கின் கலைமதி கிராம மக்கள் குடியிருப்பின் நடுவிலுள்ள மயானத்தை அகற்றக் கோரிப் போராடினார்கள். அவர்களிடம் வீட்டைக் கீறச் சொன்னால் அந்த மயானத்தையும் கீறாமல் விடமுடியுமா? அது நமது ஏக்கத்தின் அழகிய படத்தில் பொருந்தாது. பொருந்தாததாலேயே அது அவசியமான படம்.

சில வாரங்களுக்கு முன் நானும் ஒரு தாளை எடுத்து எங்கள் வளவைக் கீறினேன். விறாந்தை, குசினி, கிணறு, பூவரசங் கதியால் வேலி எல்லாம் எளிதாக வந்தன. வேலிக்கு அப்பால், எங்கள் தோட்டத்தில் வேலை செய்த குடும்பத்தின் குடிசை எந்தத் திசையைப் பார்த்து நின்றது என்பதை மட்டும் என்னால் நினைவுகூர முடியவில்லை. தினமும் கண்ட வீடு அது. தாளின் அந்த மூலை இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.